கட்டுச்சோறும் கூடாரமும்: கருங்குழிப் பாசறைகள் உணர்த்தும் பாடம்

 

சென்னையிலிருந்து தெற்கே பெருஞ்சாலையில் செல்வோர் செங்கல்பட்டையும் பாலாற்றுப் பாலத்தையும் படாளத்தையும் கடந்தால், மதுராந்தகத்திற்குச் சற்று முன்பாகக் கருங்குழி வரும். வடலூருக்கு அருகிலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு. நாம் சொல்வது செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழி. வேடந்தாங்கலுக்கும் மாமல்லபுரக் கடற்கரைக்கும் விடுமுறையில் குடும்பத்தோடு செல்பவர்களில் பலர் இந்த வட்டாரத்தைப் பலமுறை கடந்திருப்பார்கள். இங்கே ஒரு கோட்டை இருந்ததையும், அதைச் சுற்றிப் பெரும்படைகள் கூடாரமடித்துத் தங்கியதையும் அறிந்தவர்கள் குறைவு.

சென்ற ஆண்டு அரையாண்டு விடுமுறையில், நமது மதரஸா மாணவர்களில் சிலரை அழைத்துக்கொண்டு, இவ்வூருக்கு அருகில் ஒரு தோப்பில், உரிமையாளரின் அனுமதியோடு, இரண்டு இரவுகள் கூடாரத்தில் தங்கினோம். புறப்படுவதற்கு முந்தைய இரவில்தான் மூட்டை கட்டினோம். விளக்கை மறந்தோம், முளைக்குச்சிகள் பாதியே இருந்தன, குடிநீர் முதல் நாள் மாலையிலேயே தீர்ந்தது. இரவில் காற்று வலுத்தபோது மாணவர் ஒருவர் தேநீர் வைப்பதற்காக அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோய்ப் பற்றவைத்தார். ஓரத்துணி தீப்பிடித்தது. அல்லாஹ்வின் அருளால் உடனே அணைத்துவிட்டோம், எவருக்கும் காயமில்லை. குற்றம் அம்மாணவருடையது அன்று. பொறுப்பேற்று அழைத்துச் சென்ற நம்முடையது. அந்த அச்சம் நீங்காமலேயே ஊர் திரும்பி, பயண ஆயத்தம் குறித்து வரலாற்றிலும் ஹதீஸ் நூல்களிலும் தேடத் தொடங்கினோம். அதன் சுருக்கமே இக்கட்டுரை.

கருங்குழியைச் சுற்றிய பாசறைகள்

18ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபின் நாடு ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் போர்க்களமாயிற்று. கருங்குழிக் கோட்டை செங்கல்பட்டுக் கோட்டைக்குத் தெற்கே ஒரு காவல் நிலையைப் போல அமைந்திருந்தது. சென்னையிலிருந்து வந்தவாசிக்கோ புதுச்சேரிக்கோ நகரும் படை இதைக் கவனியாமல் கடக்க இயலாது. 1759 டிசம்பரில், வந்தவாசியைக் கைப்பற்றிய சில நாட்களிலேயே, அயர் கூட் என்னும் ஆங்கிலத் தளபதி கருங்குழியையும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தார். அடுத்த மாதம், 1760 ஜனவரி 22 அன்று, வந்தவாசிப் போரில் பிரெஞ்சுத் தளபதி லாலியை அவர் தோற்கடித்தார். 1763இல் நவாப் முகம்மது அலி வாலாஜா செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார்.

1780 ஜூலையில் மைசூரின் ஹைதர் அலி பெரும்படையுடன் கணவாய்களைக் கடந்து கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். அவரை எதிர்க்க சர் ஹெக்டர் மன்ரோ காஞ்சிபுரத்தில் பாசறை அமைத்தார். அவரிடம் வீரர்களும் பீரங்கிகளும் இருந்தனர். அரிசி போதுமான அளவு இல்லை. வந்து சேரும் என்று நம்பியிருந்த உணவுப்பொருள்கள் வரவில்லை. வடக்கிலிருந்து கர்னல் பெய்லியின் படை அவரோடு இணைய வந்துகொண்டிருந்தது. காஞ்சியில் சேர்த்து வைத்த சிறிதளவு தானியத்தை விட்டுவிட்டு முழுப்படையுடன் நகர மன்ரோ துணியவில்லை. துணைக்கு ஒரு பிரிவை மட்டும் அனுப்பினார். 1780 செப்டம்பர் 10 அன்று, சில மைல் தொலைவிலிருந்த புள்ளலூரில் பெய்லியின் படை முற்றிலும் அழிந்தது. மன்ரோ தம் பெரும் பீரங்கிகளைக் காஞ்சிக் கோயிற்குளம் ஒன்றில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். தோல்விக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று மூட்டை கட்டுவதில் நேர்ந்த பிழை: உணவை உறுதி செய்துகொள்ளாமல் படையை நகர்த்தியது.

பிறகு அயர் கூட் மீண்டும் அழைக்கப்பட்டார். ஹைதரின் படை வந்தவாசிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தது. 1781 ஜனவரி 17 அன்று கூட் சென்னையிலிருந்து புறப்பட்டார். அவர் அனுப்பிய கேப்டன் டேவிஸ் ஜனவரி 21 அதிகாலையில் கருங்குழிக் கோட்டையைத் திடீரெனத் தாக்கிக் கைப்பற்றினார். அடுத்த சில நாட்களில் வந்தவாசி முற்றுகை விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் அதே கூட், கடலூரை அடைந்த பின் மாதக்கணக்கில் அங்கேயே முடங்கினார். உணவுக்கு அவர் கடல் வழியையே நம்பியிருந்தார். சுமை இழுக்க மாடுகள் போதவில்லை. தானியம் கிடைக்கும் என்று ஜூன் 18 அன்று சிதம்பரம் கோயிற்கோட்டையைத் தாக்கிப் பார்த்து அதிலும் தோற்றார். ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் அவர் வென்றதை வரலாற்று நூல்கள் பெரிதாக எழுதுகின்றன. அதற்கு முந்தைய மாதங்களை ஒரு படை சோற்றுக்காகக் காத்திருந்த மாதங்கள் என்றே சொல்ல வேண்டும்.

ஹைதர் அலியின் இறுதியும் ஒரு கூடாரத்திலேயே அமைந்தது. 1782 டிசம்பர் 7 அன்று சித்தூருக்கு அருகில், பாசறையிலேயே அவர் காலமானார். மகன் திப்பு அப்போது மலபார்ப் பக்கம் இருந்தார். செய்தி பரவினால் படை கலையும் என்று அஞ்சிய அதிகாரிகள், உடலைப் பெட்டியில் வைத்து, விலையுயர்ந்த பொருளை அனுப்புவதைப் போலக் காவலோடு கோலாருக்கு அனுப்பினார்கள். நாடுகளை வென்ற ஒருவருடைய கடைசிப் பயணத்துக்கு மூட்டை கட்டியவர்கள் பிறர். இதை எண்ணிப் பார்ப்பவர்க்கு இதில் படிப்பினை உண்டு.

அரசர்களின் கூடாரம்

மொகலாயப் பேரரசர்கள் பயணத்தை ஒரு நகரம் இடம்பெயர்வதைப் போல நடத்தினார்கள். அக்பரின் பாசறை ஒன்றைச் சுமக்க 100 யானைகள், 500 ஒட்டகங்கள், 400 வண்டிகள் தேவைப்பட்டதாக அபுல் ஃபஸ்ல் ஆயினி அக்பரியில் கணக்கிட்டுள்ளார். கூடாரம் அடிப்பவர்கள் மட்டும் 1000 பேர்; அவர்களோடு 100 தண்ணீர் சுமப்போரும் 150 துப்புரவாளர்களும் சென்றனர். தண்ணீரையும் துப்புரவையும் அந்தப் பட்டியல் மறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒளரங்கசீப்பின் காஷ்மீர்ப் பயணத்தில் உடன் சென்ற பிரெஞ்சுப் பயணி பெர்னியர், அரச கூடாரங்கள் இரண்டு தொகுதிகளாக இருந்ததை எழுதியிருக்கிறார். ஒன்றில் பேரரசர் தங்கியிருக்கும்போதே மற்றொன்று முன்னால் சென்று அடுத்த தங்குமிடத்தில் தயாராக நிற்கும்.

திப்பு சுல்தானின் கூடாரம் ஒன்று இன்றும் உள்ளது. பூங்கொத்துகள் அச்சிட்ட பருத்தித் துணியால் ஆனது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு கொல்லப்பட்ட பின், அப்போது சென்னையின் ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவின் குடும்பத்தாரிடம் அது சேர்ந்தது. வேல்ஸ் நாட்டின் போவிஸ் மாளிகையில் தோட்ட விருந்துகளுக்குப் பயன்பட்டது. இப்போது அங்கே காட்சிப்பொருளாக உள்ளது. துணி இருக்கிறது, அதன் நிழலில் இருந்தவர் இல்லை. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனம், கால்நடைகளின் தோல்களால் ஆன, பயணத்திலும் தங்கும்போதும் சுமப்பதற்கு இலேசான கூடாரங்களை அல்லாஹ்வின் அருட்கொடைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. அதே வசனம் இவ்வசதிகளெல்லாம் குறிப்பிட்ட காலம் வரைதான் என்றும் நினைவூட்டுகிறது.

நபித்தோழர்களின் மூட்டைகள்

ஹிஜ்ரத் பயணத்தை நாம் பெரும்பாலும் அற்புதங்களின் வரிசையாகவே சொல்கிறோம். ஆயத்தத்தின் வரிசையாகவும் அதைச் சொல்ல முடியும். அபூபக்ர் (ரலி) அவர்கள் அப்பயணத்தை எதிர்பார்த்து இரண்டு ஒட்டகங்களுக்கு நான்கு மாதங்கள் தீனி போட்டு வளர்த்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டார் விரைந்து கட்டுச்சோறு தயாரித்தார்கள். தோல்பையின் வாயைக் கட்டக் கயிறு கிடைக்காதபோது, அஸ்மா (ரலி) அவர்கள் தம் இடுப்புக்கச்சையைக் கிழித்துக் கட்டினார்கள். இரட்டைக் கச்சைக்காரர் என்னும் சிறப்புப் பெயர் அதனால்தான் அவர்களுக்கு வந்தது. வழி நன்கறிந்த அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பவர், அப்போது முஸ்லிமாக இல்லாதவர், கூலிக்கு அமர்த்தப்பட்டார். ஸவ்ர் குகையில் மூன்று இரவுகள். செய்தி கொண்டுவர ஒருவர், பாலுக்கு ஆடுகளை ஓட்டிவர மற்றொருவர். அல்லாஹ்வின் மீது அண்ணல் நபி (ஸல்) அவர்களை விட அதிகமாக நம்பிக்கை வைத்தவர் எவருமில்லை. அவர்களுடைய பயணத்தில் எதுவும் தற்செயலுக்கு விடப்படவில்லை.

யமன் நாட்டிலிருந்து சிலர், தாங்கள் அல்லாஹ்வையே சார்ந்திருப்பவர்கள் என்று சொல்லிக்கொண்டு, கட்டுச்சோறு இல்லாமல் ஹஜ்ஜுக்கு வருவார்கள். மக்கா வந்ததும் பிறரிடம் கையேந்துவார்கள். பயண உணவை எடுத்துச் செல்லுங்கள் என்று கட்டளையிட்டு, இறையச்சமே சிறந்த பயண உணவு என்று கூறும் அல்பகராவின் 197ஆம் வசனம் இது குறித்தே இறங்கியதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக புகாரியில் பதிவாகியுள்ளது. தவக்குல் என்ற பெயரில் பிறர் சட்டியில் கைவிடுவதை மார்க்கம் ஏற்கவில்லை.

ஆயத்தத்தின் உண்மையான எடையை நமக்குக் காட்டுவது தபூக் பயணம். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, கடும் வெயில், பேரீச்சம் பழங்கள் கனிந்து, நிழல் இனித்த காலம். தொலைதூரம் என்பதால், வழக்கத்துக்கு மாறாக, நபி (ஸல்) அவர்கள் செல்லுமிடத்தை வெளிப்படையாக அறிவித்து ஆயத்தமாகச் சொன்னார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் ஆயிரம் தீனார்களைக் கொண்டுவந்து நபிகளாரின் மடியில் கொட்டினார்கள். கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களிடமோ எல்லா வசதியும் இருந்தது. அதற்கு முன் ஒருபோதும் இல்லாத வகையில் இரண்டு ஒட்டகங்கள் இருந்தன. காலையில் மூட்டை கட்டப் புறப்படுவார்கள். ஒன்றும் செய்யாமல் திரும்புவார்கள். நினைத்தால் ஒரு நொடியில் தயாராகிவிடலாம் என்று மனம் சொல்லும். நாட்கள் கடந்தன. படை புறப்பட்டது. பின்தொடர்ந்து சென்று சேர்ந்துகொள்ளலாம் என்று எண்ணினார்கள்; அதுவும் நடக்கவில்லை.

கஅப் (ரலி) நயவஞ்சகர் அல்லர், கோழையும் அல்லர். அவர்களை வீழ்த்தியது "நாளைக்குக் கட்டிக்கொள்ளலாம்" என்ற ஒரே எண்ணம். அதன் விலை ஐம்பது இரவுகள். அந்நாட்களில் மதீனாவில் எவரும் அவர்களோடு பேசவில்லை. சலாமுக்குப் பதில் கிடைத்ததா என்று நபிகளாரின் உதடுகளைப் பார்த்து ஏங்கினார்கள். இறுதியில் அவர்களுடைய உண்மையின் பொருட்டு அல்லாஹ் மன்னிப்பை அருளினான். அத்தவ்பாவின் 118ஆம் வசனம் அதற்குச் சான்று. அதே அத்தியாயத்தின் 46ஆம் வசனம், புறப்படும் எண்ணம் மெய்யாக இருந்திருந்தால் அதற்கான ஆயத்தத்தைச் செய்திருப்பார்கள் என்று நயவஞ்சகர்களைப் பற்றிக் கூறுகிறது. இவ்வசனத்தைப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறோம். கருங்குழித் தோப்பில் ஓரத்துணி எரிந்த இரவில்தான் அதன் கனம் நமக்குப் புரிந்தது. நிய்யத் உள்ளத்தில் இருப்பது. அதற்குச் சாட்சி சொல்வது கைகளின் வேலை.

தீயும் தண்ணீரும்

1997 ஏப்ரல் 15, துல்ஹஜ் பிறை 8. மினாவில் ஹாஜிகளின் கூடாரங்களில் தீப்பிடித்தது. பலத்த காற்று தீயைக் கூடாரம் கூடாரமாகக் கொண்டு சென்றது. ஏறத்தாழ 70,000 கூடாரங்கள் எரிந்தன. 343 ஹாஜிகள் உயிரிழந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். சமையலுக்குப் பயன்படுத்திய எரிவாயு தீக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அதன் பிறகே, தீப்பிடிக்காத பூச்சுடைய கண்ணாடியிழைக் கூடாரங்கள் மினா பள்ளத்தாக்கை நிறைத்தன. உள்ளே எரிவாயு அடுப்பு தடை செய்யப்பட்டது. ஒரு விதி எத்தனை உயிர்களுக்குப் பின் எழுதப்படுகிறது!

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு குடும்பத்தாரோடு எரிந்த செய்தியைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், தீ மனிதனின் பகைவன் என்று உணர்த்தி, உறங்கும்போது அதை அணைத்துவிடுமாறு கட்டளையிட்டார்கள். கூடாரத்துக்குள் அடுப்பு, மெழுகுவத்தி, கொசுவத்தி எதுவும் வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு ஹதீஸ் போதும். அடைத்த கூடாரத்தில் எரியும் அடுப்பும் கரியும் கண்ணுக்குத் தெரியாத நச்சுவாயுவைப் பரப்பும். தீப்பிடிக்காமலேயே உறக்கத்தில் உயிரைக் குடிக்கும். சமையல் வெளியே, காற்றுக்கு மறைவாக, கூடாரத்துக்குப் பத்தடிக்கு அப்பால் நடக்கட்டும். பக்கத்தில் ஒரு வாளி மணலோ நீரோ இருக்கட்டும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்துமாலை தொலைந்தது. அதைத் தேடுவதற்காகப் படை முழுவதும் தண்ணீர் இல்லாத இடத்தில் இரவைக் கழிக்க நேர்ந்தது. அபூபக்ர் (ரலி) மகளைக் கடிந்துகொண்டார்கள். விடிந்தபோது தயம்மும் பற்றிய வசனம் இறங்கியது; ஒட்டகத்தை எழுப்பியபோது மாலை அதனடியில் கிடந்தது. வுளூவுக்குத் தண்ணீர் இல்லையென்றால் மண் உண்டு என்ற சலுகை நமக்கு அங்கிருந்து வந்தது. குடிப்பதற்கு அப்படி மாற்று எதுவும் இல்லை. ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்க மட்டும் மூன்று லிட்டராவது கணக்கிட்டு எடுத்துச் செல்லுங்கள்; சமையலுக்கும் துப்புரவுக்கும் வேறு.

மூட்டை கட்டும் முன்

ஒரு வாரம் முன்பாகவே கூடாரத்தை மொட்டை மாடியிலோ முற்றத்திலோ ஒருமுறை அடித்துப் பாருங்கள். கிழிசல், குறைந்த முளை, நைந்த கயிறு எல்லாம் வீட்டிலேயே தெரிந்துவிடும். ஏரிக்கரை மண்ணில் நிற்கும் முளை கடற்கரை மணலில் நிற்காது. அங்கே பைகளில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டிப் புதைக்க வேண்டும். தரையில் விரிக்கத் தார்ப்பாய், அதன்மேல் பாய், ஆளுக்கொரு போர்வை, மின்விளக்கும் மாற்று மின்கலமும், முதலுதவிப் பெட்டி, வழக்கமாக உண்ணும் மருந்துகள், குப்பைக்குச் சாக்குப்பை ஆகியவை முதலில் மூட்டையில் ஏறட்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தக் கடற்கரையில் கூடாரத்தைத் தவிர்ப்பதே நல்லது.

தொழுகைக்கும் ஆயத்தம் வேண்டும். கருங்குழியிலிருந்து கிப்லா நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 18 பாகை சாய்ந்தது. பகலிலேயே திசையைக் குறித்து ஒரு கோடு கிழித்து வையுங்கள். சென்னையிலிருந்து இவ்வூர் 75 முதல் 80 கிலோமீட்டர் தொலைவு. கஸ்ருக்குரிய தூரத்தின் எல்லையை ஒட்டியது. ஆதலால் சுருக்கித் தொழுவதா, முழுமையாகத் தொழுவதா என்பதைப் புறப்படும் முன்பே உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபஜ்ருக்கு எழுப்ப ஒருவரை மட்டும் நம்பாதீர்கள். ஒரு பயணத்தில் விழித்திருக்கும் பொறுப்பேற்ற பிலால் (ரலி) அவர்களே, ஒட்டகத்தில் சாய்ந்தபடி கண்ணயர்ந்தார்கள். அனைவரையும் எழுப்பியது சூரியனின் வெப்பம்.

மூவர் பயணம் சென்றாலும் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளுங்கள் என்பது நபிவழி. குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு இது மிகவும் தேவை. நபித்தோழர்கள் முன்பு தங்குமிடத்தில் பள்ளத்தாக்குகளில் சிதறிப் போய்த் தங்குவார்கள். அப்படிச் சிதறுவது ஷைத்தானின் வேலை என்று நபிகளார் கண்டித்த பிறகு, ஒரு துணியை விரித்தால் எல்லாரையும் மூடிவிடும் என்னும்படி நெருங்கித் தங்கினார்கள்.

இடத்துக்கும் உரிமை உண்டு

கருங்குழியின் வரலாற்றில் தளபதிகளின் பெயர்கள் உள்ளன. உழவர்களின் பெயர்கள் இல்லை. ஹைதரின் குதிரைப்படை எரித்த வயல்களும், கம்பெனிப் படை அள்ளிச் சென்ற நெல்லும் அவர்களுடையவை. ஒரு தரப்பு முஸ்லிம் மன்னருடையது என்பதற்காக இதை நாம் மறைக்கக் கூடாது. ஷாம் நாட்டுக்குப் படை அனுப்பியபோது, கனி தரும் மரங்களை வெட்டக்கூடாது, உண்பதற்கன்றி ஆட்டையோ ஒட்டகத்தையோ அறுக்கக்கூடாது என்று அபூபக்ர் (ரலி) அவர்கள் கட்டளையிட்டிருந்தார்கள். நமக்கு அளவுகோல் அதுதான். தங்குமிடத்தை நெருக்கடியாக்கி, வழியை மறிப்பவருக்கு அறப்போரின் நற்கூலியே இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் ஒரு படையெடுப்பின்போது அறிவிக்கச் செய்தார்கள். நீர்நிலையிலும் பாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வதையும் தடுத்தார்கள்.

போர்க்களத்துக்கே இவ்விதி என்றால், பொழுதுபோக்குக்குச் செல்லும் நமக்கு எவ்வளவு பொறுப்பு! இடத்தின் உரிமையாளரிடம் அனுமதி பெறுங்கள். பச்சை மரத்தை வெட்டாதீர்கள். ஏரியில் சோப்பு நீரை விடாதீர்கள். திரும்பும்போது சாம்பலை நீரூற்றி ஆற்றி, குப்பையைச் சாக்கில் கட்டி எடுத்து வாருங்கள். அடுத்து வருபவர், முஸ்லிம்கள் தங்கிய இடம் என்று நல்லவிதமாகச் சொல்லட்டும்.

இன்ஷா அல்லாஹ், வரும் விடுமுறையில் அதே தோப்புக்கு அதே மாணவர்களோடு மீண்டும் செல்ல இருக்கிறோம். பட்டியல் எழுதியாயிற்று, கூடாரத்தை மதரஸா முற்றத்தில் அடித்துப் பார்த்தாயிற்று. அடுப்பு பற்றவைத்த அந்த மாணவரே இம்முறை நம் பயணத் தலைவர். எண்ணிக்கை பார்த்து முளைகளைக் கட்டி வைத்திருப்பவரும் அவரே.

அல்லாஹ் நம் பயணங்களையும், திரும்பாப் பயணமாகிய அந்த இறுதிப் பயணத்தையும், ஆயத்தத்தோடு புறப்படும் பயணங்களாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.